பழைய ஜப்பானிய அலங்கார அலமாரிகளில் தட்டுகள் ஏற்ற இறக்கமாக இருப்பது ஏன்? அவை ஜப்பானிய வீடுகளில் இருந்தவைதாமா?

தட்டுகளின் ஏற்ற இறக்கம் ஜப்பானியருடைய பழைய மரபுதான். ஆனால் இன்று ஏலங்களுக்கு வரும், தந்தமும் கிளிஞ்சலும் இழைத்த உயரமான அலமாரிகளில் பெரும்பாலானவை ஜப்பானிய வீடுகளுக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

அங்கே விருந்தினர் அறைச் சுவரிலேயே, மட்டம் மாறி நிற்கும் தட்டுகளைப் பொருத்துவது வழக்கம்; இதற்குச் சிகைதானா என்று பெயர். கியோத்தோவின் ஷுகாகுயின் அரண்மனையில் இவ்வாறு அமைந்த ஐந்து பலகைகள் பெரும்புகழ் பெற்றவை. தனியே நிற்கும் அலமாரியோ உயர்குடிப் பெண்ணின் சீர்வரிசையில் சேர்ந்தது. நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகன் தொக்குகவா இயெமித்சுவின் மகள் சியோஹிமே 1639இல் மணமகளாகச் சென்றபோது (அந்தக் குழந்தைக்கு மூன்று வயதுகூட நிரம்பியிருக்கவில்லை) உடன் சென்ற சீர்ப்பொருள்கள், தங்கப்பொடி தூவிய மாகி-எ வேலைப்பாட்டுடன் மூன்று அலமாரிகள் உட்பட, நாகோயாவின் தொக்குகவா கலை அருங்காட்சியகத்தில் தேசியப் பொக்கிஷமாகக் காக்கப்படுகின்றன.

1868க்குப் பின் மெய்ஜி பேரரசரின் ஆட்சியில், கைவினைஞர்களுக்கு இருந்த பிரபுக்களின் ஆதரவு அற்றுப்போனது. 1876இல் பொது இடங்களில் வாள் அணிவதும் தடை செய்யப்பட்டதால், வாளுக்கு அணிவேலை செய்த கம்மியர்களும் பிழைப்புக்கு வேறு வழி தேட நேர்ந்தது. 1873ஆம் ஆண்டு வியன்னா உலகக் கண்காட்சியில் ஜப்பானியக் கைவினைக்குக் கிடைத்த வரவேற்பு ஏற்றுமதிக்கு ஊக்கம் அளித்தது. ஷிபயாமா எனப்படும் புடைப்பு இழைப்பில் பறவையும் பூவும் கதவெங்கும் நெருங்கி நிற்கும் அலமாரிகள் ஐரோப்பிய, அமெரிக்க வரவேற்பறைகளுக்குப் போனது இவ்வாறுதான். அவற்றின் கைத்திறனைக் குறை சொல்ல முடியாது. எனினும் வெறுமையாக விடப்பட்ட கறுப்புப் பரப்பில் ஒரே ஒரு கிளை நீளும் பழைய பாணியே என் கண்ணுக்கு மேலானதாகப் படுகிறது.

வாங்க எண்ணினால், இழைப்பில் உதிர்ந்த துண்டுகளுக்குப் பதிலாகப் பிசின் வார்ப்புகளை ஒட்டியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். தந்தம் இருந்தால், நாடு விட்டு நாடு கொண்டுவருவதற்கு முன் சட்டத்தை விசாரித்துக்கொள்வது அவசியம். மேற்பூச்சான உருஷி, ஒரு மரத்தின் பால்; அது ஈரப்பதமான காற்றில்தான் இறுகும். வெயில் பட்டால் மெருகு மங்கிவிடும். குளிர்சாதனம் அறையை மிகவும் உலர்த்தினால் உள்ளிருக்கும் மரம் சுருங்கி இழைப்பு தெறிக்கும். ஆகவே சன்னலுக்கும் குளிர்சாதனக் காற்றுக்கும் எட்டாத சுவரோரமாக வைத்து, மெழுகோ எண்ணெயோ பூசாமல், மென்மையான உலர்ந்த துணியால் தூசியை மட்டும் தட்டுங்கள்.