உலகம் அழிந்து ஒருவர் மட்டும் மிஞ்சினால், வன்னியில் எப்படிப் பிழைப்பார்?

உலகம் அழிந்தபின் ஒருவர் தனியே வாழும் அறிவியல் புனைவுப் படங்களில், பல வருடம் கழித்தும் நாயகன் கார் ஓட்டுகிறார், கடைகளில் சாப்பாடு எடுக்கிறார். இலங்கையின் வடபகுதியான வன்னியில் அகப்பட்டவருக்கு இது நடக்குமா என்பது உங்கள் கேள்வி. கார் ஓடாது. சாப்பாடு கொஞ்சக் காலம் கிடைக்கும். ஆனால் இரண்டுக்கும் முன், எங்கே குடியிருப்பது என்பதை முதல் மாரிக்குள் முடிவெடுத்தாக வேண்டும்.

படங்களில் ஆட்கள் போனபின்னும் ஊர் அப்படியே நிற்கும். வன்னியில் நிற்காது. பெருமழை நேரத்தில், கிளிநொச்சியின் பெரிய குளமான இரணைமடுவின் வான்கதவுகளை, அதாவது மிகை நீரை வெளியே விடும் கதவுகளை, ஆள் நின்று திறக்க வேண்டும். 2018 டிசம்பரில் கதவுகளைத் திறந்துவிட்டும் கிளிநொச்சியின் பல ஊர்கள் வெள்ளத்தில் கிடந்தன. திறக்க ஆளில்லாவிட்டால் தண்ணீர் குளக்கட்டுக்கு மேலால் வழிந்து, மண்கட்டின் வெளிச்சரிவை அரிக்கும். கட்டு உடைந்தால் கீழே உள்ள பரந்தன், முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கம் இருப்பவர் தப்புவது கடினம்.

ஆகவே கதவில்லாத, கல்லாலோ கொங்கிறீற்றாலோ கட்டிய வான் உள்ள சிறு குளம் ஒன்றைத் தேட வேண்டும். நிறைந்தால் அது தானாக வான் பாயும். வீடு கட்டுக்கு நேர் கீழே வேண்டாம், பக்கத்து மேட்டில் இருக்கட்டும். புரட்டாதிக்குள் வானை அடைக்கும் பற்றைகளை வெட்டி, குளக்கட்டிலுள்ள எலி வளைகளுக்கு ஈரமண் போட்டு இடித்து இறுக்கினால் போதும். குளக்கட்டில் மரம் வளர விடவே கூடாது. அது பட்டு வேர் உக்கினால் அந்தத் துவாரத்தால் நீர் கசியத் தொடங்கும்.

எரிபொருளில்தான் படங்கள் பெரிய பிழை விடுகின்றன. பெற்றோலில் எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடும். மிஞ்சுவது காற்றுப்பட்டுப் பிசினாகிக் காபரேற்றரின் சின்னத் துவாரங்களை அடைக்கும். வன்னி வெக்கையில் ஒரு வருடம் தாண்டிய பெற்றோலை நம்ப முடியாது. அதற்குள் கார் பற்றரியும் செத்திருக்கும். இறுக மூடிய மண்ணெண்ணெய் பல வருடம் நிற்கும். பெற்றோல் வராத 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் நம் சனங்கள் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டியே காட்டினார்கள். பற்றரி தேவைப்படாத, உதைத்து ஸ்டார்ட் பண்ணும் பழைய சைக்கிளாகப் பார்த்து எடுங்கள். கெடாத பெற்றோல் இருக்கும்வரை அதில் கொஞ்சத்தால் எஞ்சினைச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். சூடாகாத எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஓயிலில் இறங்கி அதை நீர்த்துப்போகச் செய்யும், ஆகவே ஓயிலை அடிக்கடி மாற்றுங்கள். பிளக்கில் கரி பிடிக்கும், சுரண்டிப் போடுங்கள். இருட்டுக்கு, தடைக்காலத்தில் ஜாம் போத்தலில் திரியிட்டு எரித்த மண்ணெண்ணெய் விளக்குப் போதும். எண்ணெய் மிச்சம் பிடிப்பதில் அதை மிஞ்சியது இல்லை.

தண்ணீருக்குக் கிணறு. 2 மீற்றர் விட்டமும் 3 மீற்றர் நீரும் உள்ள கிணற்றில் ஏறக்குறைய 9,400 லீற்றர் இருக்கும். ஆயிரம் லீற்றருக்கு 2.5 கிராம் என்ற கணக்கில் 24 கிராம் குளோரின் தூளை வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணித்தியாலம் விட வேண்டும். தூள் பழசாக ஆக வீரியம் குறையும். அது முடிந்தால் கொதிக்கவைத்துக் குடிப்பதுதான் வழி. வவுனியாப் பக்கக் கிணறுகள் சிலவற்றில் பல்லைக் கெடுக்கும் புளோரைட் கூடுதலாக இருக்கும். கொதிக்கவைத்தால் அது போகாது, அங்கே மழைநீரைப் பிடித்து வைக்க வேண்டும். குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 4 லீற்றர் என்றால் மழை குறைந்த எட்டு மாதத்துக்கு 960 லீற்றர். 10 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் அந்த அளவு வந்துவிடும். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டுப் பிறகு பிடியுங்கள்.

நெல் ஒரு ஆளுக்கு ஏலாத வேலை. உழுவதும் விதைப்பதும் முடியும், காவல்தான் முடியாது. பகலில் மயிலும் குரங்கும், இரவில் பன்றியும் யானையும் வரும். பரணில் இரவும் பகலும் விழித்திருக்க ஒருவரால் ஆகாது. பூநகரிப் பக்கம் போல் பனை உள்ள இடத்தில் பாத்தி போட்டுக் கிழங்கு எடுத்து, அவித்துக் காயவைத்துப் புழுக்கொடியலாக்கி வைப்பது இதைவிடப் பாதுகாப்பு.

மலேரியாவுக்குப் பயம் வேண்டாம். பொதுவாக நோயுள்ள இன்னொரு மனிதரைக் கடித்த நுளம்புதான் அதைக் கொண்டுவரும், இங்கே இன்னொருவர் இல்லை. எலிச் சிறுநீர் கலந்த நீரில் புண் வழியே தொற்றும் எலிக்காய்ச்சலும், கண்ணாடி விரியன் எனப்படும் புடையன் பாம்பும்தான் ஆபத்து. காலில் காயத்தோடு வயல் சேற்றில் இறங்காதீர்கள்.

உப்புக்கு, ஏ9 வீதியோரம் உப்பளம் உள்ள ஆனையிறவு. கோடையில் தானாக விளைந்து கிடக்கும். ஏ9 தார் வீதியாலேயே போய் அதாலேயே திரும்புங்கள். அங்கிருந்து வடக்கே முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை பல வருடம் நடந்த நிலம். கண்ணிவெடி எச்சரிக்கையாக நட்ட மண்டையோட்டுப் பலகை உக்கி விழுந்தாலும் வெடி மண்ணுக்குள் இருக்கும், வெள்ளம் அதை இடம் மாற்றியும் வைக்கும்.