பேராசிரியரின் கட்டுரைப் பட்டியலை எப்படிப் பார்ப்பது? முகவருக்குப் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகள் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் சிறப்புப் பட்டம் பெற்றவர். நிர்ப்பீடனவியலிலும் கல ஒட்டுதலிலும் ஆய்வு செய்யும் வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் அவரைக் கலாநிதிப் பட்ட மாணவியாக எடுக்க விரும்புகிறார். 1980களின் இறுதியிலிருந்து 140 வெளியீடுகள் என்று அவருடைய சுயவிவரத்தில் இருக்கிறது. பப்மெட்டில் தேடினால் 97தான் வருகிறது. மட்டக்களப்பு நகரிலுள்ள கல்வி முகவர் ஒருவர், “இவர் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுகிறார், தலைப்புகளும் தோல், குடல், மூளை என்று சிதறிக் கிடக்கின்றன, வேறு ஆளைப் பார்ப்போம்” என்கிறார். மகளின் பெயரில் சர்வதேசச் சஞ்சிகையில் இரண்டு கட்டுரை போட்டால் புலமைப்பரிசில் நிச்சயம் என்றும், அதற்கு மூன்று லட்சம் ரூபாய் ஆகும் என்றும் சொல்கிறார். சான்றிதழ்களின் மூலப்பிரதிகளையும் கேட்கிறார். என்ன செய்வது? – ஒரு தந்தை, களுவாஞ்சிகுடி.

பதில்: ஐயா, அந்த மூன்று லட்சத்தில் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பேராசிரியரின் பட்டியலில் தெரியும் வித்தியாசத்துக்கு நேர்மையான காரணங்கள் பல இருக்கலாம். முகவர் விற்க வரும் கட்டுரைகளுக்கு அப்படி ஒரு காரணமும் கிடையாது.

பப்மெட் என்பது அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் பட்டியல். 1997ஆம் ஆண்டு முதல் யாரும் இலவசமாகத் தேடலாம். அதில் இருப்பவை பெரும்பாலும் சஞ்சிகைக் கட்டுரைகள். ஒரு பேராசிரியர் தம் சுயவிவரத்தில் நூல்களில் எழுதிய அத்தியாயங்கள், மாநாடுகளில் வாசித்த சுருக்கங்கள் ஆகியவற்றையும் சேர்த்து எழுதுவார். அவற்றைத் தனித்தனித் தலைப்பின் கீழ் பிரித்து எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். பிரித்திருந்தால் அவர் எதையும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டி 140 என்று போட்டிருந்தால், எவை துறை வல்லுநர்களால் மதிப்பாய்வு செய்யப்பட்ட கட்டுரைகள் என்று மகள் மரியாதையாகக் கேட்கலாம். நல்ல பேராசிரியர் கோபிக்கமாட்டார்.

இன்னொரு காரணத்தை யாரும் சொல்வதில்லை, அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். 1984 முதல் 1995 வரை வெளியான கட்டுரைகளுக்கு அந்த நூலகம் பத்து ஆசிரியர்களின் பெயர்களை மட்டுமே பதிந்தது. பதினோராவது பெயரிலிருந்து மற்றவர்களை ‘மற்றும் பலர்’ என்று விட்டுவிட்டது. 1996 முதல் 1999 வரை எல்லை 25 ஆனது, அப்போது பட்டியல் நீண்டாலும் கடைசிப் பெயரைக் காப்பாற்றினார்கள். 2000ஆம் ஆண்டிலிருந்து எல்லை இல்லை. இதன் விளைவைக் கவனியுங்கள். மருத்துவ ஆய்வில் ஆய்வுகூடத் தலைவரின் பெயர் கடைசியில் வருவதே வழக்கம். 1990இல் பன்னிரண்டு பேர் சேர்ந்து எழுதிய கட்டுரையில் உண்மையில் எல்லாவற்றையும் முன்னின்று நடத்தியவரின் பெயரே பட்டியலில் விழாமல் போயிருக்கும். நிர்ப்பீடனவியலில் அந்தக் காலம் பல ஆய்வுகூடங்கள் தங்கள் பிறபொருளெதிரிகளைப் பரிமாறிக்கொண்டு சேர்ந்து எழுதிய காலம், நீண்ட பெயர் வரிசைகள் சாதாரணம். ஆகவே 1996க்கு முந்திய கட்டுரை ஒன்று பேராசிரியரின் பெயரில் வரவில்லை என்றால், கட்டுரையின் தலைப்பைக் கொண்டு தேடுங்கள். கிடைத்ததும் பப்மெட் பக்கத்தோடு நிற்காமல் சஞ்சிகையில் அச்சான முதல் பக்கத்தைத் திறந்து பெயர்களை எண்ணுங்கள். அங்கே அவர் இருந்தால் விஷயம் முடிந்தது. உங்களிடம் 43 இடைவெளி இருக்கிறது. அதில் எத்தனை இந்த வகை, எத்தனை அத்தியாயங்கள், எத்தனை சுருக்கங்கள் என்று மகள் ஒரு மாலை உட்கார்ந்தால் பிரித்துவிடலாம். இந்த வேலைக்கு முகவர் தேவையில்லை.

தேடும் முறையையும் பார்த்துக்கொள்ளுங்கள். குடும்பப் பெயரை முழுதாகவும், முதலெழுத்துகளைப் புள்ளியும் இடைவெளியும் இல்லாமலும் எழுதி, பின்னால் சதுர அடைப்புக்குள் ஏ, யூ என்ற ஆங்கில எழுத்துகளைச் சேர்க்க வேண்டும். 2002க்கு முந்திய பதிவுகளில் முதலெழுத்துகள் மட்டுமே உண்டு, முழுப்பெயர் இல்லை. ஆகவே அதே பெயருள்ள வேறொருவரின் கட்டுரைகளும் கலந்து வரும். ‘இன்டெக்ரின்’ போன்ற துறைச் சொல்லையோ பல்கலைக்கழகத்தின் பெயரையோ சேர்த்துத் தேடினால் குழப்பம் குறையும். கூகுள் ஸ்கொலரில் உள்ள எண்ணிக்கையை நம்பி முடிவெடுக்க வேண்டாம். அது பெயரொத்தவர்களின் கட்டுரைகளையும் தானாகவே சேர்த்துக்கொள்ளும்.

தலைப்புகள் சிதறிக் கிடக்கின்றன என்பது அறியாமையில் சொன்னது, அல்லது வேண்டுமென்றே சொன்னது. குருதியில் ஓடும் வெண்குழியம் தொற்று உள்ள இடத்தில் குருதிக்கலனின் சுவரில் ஒட்டிக்கொண்டு வெளியே இறங்க வேண்டும். அதற்கு உதவும் முக்கியமான புரதக் குடும்பம் இன்டெக்ரின்கள். இவற்றைக் கண்டறிந்ததற்காக ரிச்சர்ட் ஹைன்ஸ், எர்க்கி ருவோஸ்லாட்டி, டிமோதி ஸ்பிரிங்கர் ஆகிய மூவருக்கும் 2022இல் லாஸ்கர் விருது கிடைத்தது. இக்குடும்பத்தின் ஒரு பகுதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகளுக்குத் தொற்று வந்தாலும் சீழ் கட்டாது, ஏனென்றால் வெண்குழியங்கள் அங்கே வந்து சேரவே முடியாது.

இந்தப் புரதங்களைத் தடுக்கும் மருந்துகள்தான் தலைப்புகளைத் தோலுக்கும் குடலுக்கும் மூளைக்கும் கொண்டுபோகின்றன. எல்.எஃப்.ஏ.-1 என்ற இன்டெக்ரினைத் தடுக்கும் எஃபாலிசுமாப் சொரியாசிஸ் என்ற தோல் நோய்க்கு 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, அரிதான மூளைத் தொற்று ஒன்று வந்ததால் 2009இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. வெடோலிசுமாப் 2014 முதல் குடல் அழற்சிக்குப் பயன்படுகிறது. மருந்து திரும்பப் பெறப்பட்டதைக் காட்டி ‘கட்டுரை திரும்பப் பெறப்பட்டது’ என்று உங்களைப் பயமுறுத்த அனுமதிக்காதீர்கள், இரண்டும் வேறு வேறு. அத்துடன் எல்.எஃப்.ஏ.-1, சி.டி.11ஏ/சி.டி.18, ஆல்ஃபா எல் பீட்டா 2 மூன்றும் ஒரே மூலக்கூறுதான். பழைய தலைப்புகளில் ஒரு பெயரும் புதியவற்றில் இன்னொன்றும் இருப்பதைக் கண்டு துறை மாறிவிட்டார் என்று எண்ண வேண்டாம்.

எண்ணிக்கையை விட்டுவிட்டு மகள் பார்க்க வேண்டியது வேறு. கடந்த ஐந்தாண்டுக் கட்டுரைகளை எடுத்துக்கொள்ளட்டும். அவற்றில் பேராசிரியரின் பெயர் கடைசியில் இருக்கிறதா, அல்லது நடுவில் எங்கோ ஒளிந்திருக்கிறதா? முதல் பெயர்கள் யாருடையவை? ஆய்வு மாணவர்களுடையவை என்றால் அங்கே மாணவர்களின் உழைப்புக்குப் பெயர் கிடைக்கிறது. முதல் பெயரில் மாணவர்களே இல்லையென்றால் யோசிக்க வேண்டும். பழைய மாணவர் இருவரைத் தேடிப் பிடித்து, எத்தனை ஆண்டுகளில் பட்டம் முடிந்தது என்று ஒரு மின்னஞ்சலில் கேட்கட்டும். எந்தப் பட்டியலும் தராத பதில் அதில் கிடைக்கும். ரிட்ராக்‌ஷன் வோட்ச் என்ற, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் தரவுத்தளத்தில் பேராசிரியரின் பெயரையும் ஒருமுறை தேடட்டும், அது 2023 முதல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது.

இனி அந்த இரண்டு கட்டுரைகள். கல்முனையிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் வாழைச்சேனையிலிருந்தும் இதே கதையோடு கடிதங்கள் வருகின்றன, ஆகவே ஒளிக்காமல் சொல்கிறேன். முகவர் விற்பது இரண்டில் ஒன்று. வேறு யாரோ எழுதிய கட்டுரையில் உங்கள் மகளின் பெயரைச் செருகுவார், அல்லது காசு வந்தால் எதையும் அச்சிடும் சஞ்சிகை ஒன்றில் எதையாவது போடுவார். முதலாவது மோசடி. கட்டுரையில் பெயர் போட வேண்டுமென்றால் ஆய்வில் பங்கு, எழுத்தில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், உள்ளடக்கத்துக்குப் பொறுப்பு ஆகிய நான்கும் வேண்டும் என்று மருத்துவச் சஞ்சிகை ஆசிரியர்களின் சர்வதேசக் குழு சொல்கிறது. நேர்முகத்தில் ‘இந்தப் படத்தில் நீங்கள் செய்தது எது?’ என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், பிள்ளை அங்கேயே அகப்பட்டுவிடும். முகவர் அப்போது தொலைபேசியை எடுக்கமாட்டார்.

இரண்டாவது வகையின் தரத்தை 2013இல் ஜோன் போஹானன் என்ற செய்தியாளர் ‘சயன்ஸ்’ சஞ்சிகைக்காகச் சோதித்தார். வேண்டுமென்றே பிழைகள் நிறைந்த போலிக் கட்டுரையை 304 சஞ்சிகைகளுக்கு அனுப்பினார், 157 ஏற்றுக்கொண்டன. ஹைதராபாத்தைத் தளமாகக் கொண்ட ஓமிக்ஸ் என்ற சஞ்சிகை வெளியீட்டு நிறுவனத்துக்கு எதிராக அமெரிக்க நீதிமன்றம் 2019இல் ஐந்து கோடி டொலருக்கு மேல் செலுத்தும்படி தீர்ப்பளித்தது. கட்டுரை எழுதியவர்களை ஏமாற்றியதுதான் குற்றச்சாட்டு. நல்ல சஞ்சிகைகளிலும் சில, கட்டுரையை ஏற்றுக்கொண்ட பிறகு வெளியீட்டுக் கட்டணம் கேட்கும், அதை அவை தங்கள் தளத்திலேயே வெளிப்படையாக எழுதியிருக்கும். ஏழு நாளில் அச்சேற்றுகிறோம் என்பவர்களும், ஆசிரியர் குழுவில் கேள்விப்படாத பெயர்களை அடுக்குபவர்களும், இம்பாக்ட் ஃபேக்டர் (சஞ்சிகையின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற கணக்கு) என்று ஏதோ ஓர் எண்ணைப் பெரிய எழுத்தில் போடுபவர்களும் நல்ல சஞ்சிகைகளின் வகையில் சேரமாட்டார்கள். ‘பப்மெட்டில் வரும்’ என்று முகவர் சத்தியம் செய்தாலும் நம்பாதீர்கள், சில மோசமான கட்டுரைகளும் பக்கவாசலால் அதற்குள் நுழைந்திருக்கின்றன.

இந்த வியாபாரம் வானத்திலிருந்து விழவில்லை. புலமைப்பரிசில் படிவத்திலும் பதவி உயர்வுப் படிவத்திலும் ‘எத்தனை கட்டுரைகள்?’ என்று ஒரு கட்டத்தைப் போட்டுவிட்டு, அதற்குள் என்ன இருக்கிறது என்று திறந்தும் பார்க்காதவர்கள்தான் முகவருக்குக் கடை வைத்துக் கொடுத்தவர்கள். சஞ்சிகையின் இம்பாக்ட் ஃபேக்டரை வைத்து ஆளை அளக்காதீர்கள் என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் அமெரிக்கக் கல உயிரியல் சங்கத்தின் கூட்டத்தில் கூடியவர்கள் பிரகடனமே எழுதினார்கள். இங்கே அதைப் படித்தவர்களும் மறுநாள் அதே கட்டத்தை நிரப்பச் சொல்கிறார்கள். ஒரு கட்டுரையை எப்படிச் சரிபார்ப்பது என்பதை வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் உள்ள பல்கலைக்கழகங்களில் படிக்கும் பிள்ளைகளுக்கு முதலாம் ஆண்டிலேயே கற்பித்தாக வேண்டும். அது நடந்திருந்தால் உங்களைப் போன்ற தந்தையர் முகவரின் வாசலில் நிற்க வேண்டி வராது.

இளங்கலை முடித்தவரிடம் இரண்டு சர்வதேசக் கட்டுரைகளை எந்த நேர்மையான ஆய்வுகூடமும் நிபந்தனையாக வைப்பதில்லை. உங்கள் மகளின் இறுதியாண்டு ஆய்வு தகுதியானது என்று மேற்பார்வையாளர் சொன்னால், தேசிய விஞ்ஞான மன்றம் நடத்தும் இலங்கைச் சஞ்சிகைகளின் இணையத் தளத்தில் உள்ள ஏதேனும் ஒரு மதிப்பாய்வுச் சஞ்சிகைக்கு அனுப்புங்கள். நேரம் எடுக்கும், எடுக்கட்டும்.

அதற்கு முன் மகள், ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஓர்கிட் எண் ஒன்றைப் பெற்றுக்கொள்ள வேண்டும். பதினாறு இலக்கங்கள், தனிநபருக்கு இலவசம். நம் பெயர்முறைக்கு இது மிகவும் தேவை. தந்தையின் பெயர் முதலெழுத்தாக இருக்கும், திருமணத்துக்குப் பின் அந்த எழுத்து மாறும், ஆங்கில எழுத்துக்கூட்டல் சான்றிதழுக்கொன்றும் கடவுச்சீட்டுக்கொன்றுமாக இருக்கும். பப்மெட்டில் ஒரே பெண் மூன்று ஆட்களாகத் தெரிவார். கடவுச்சீட்டில் உள்ள வடிவத்தைத் தேர்ந்து, முதல் கட்டுரையிலிருந்தே அதை மாற்றாமல் எழுதட்டும்.

பேராசிரியருக்கு இந்த வாரமே எழுதுங்கள்: உதவித்தொகை யார் தருகிறார்கள், எத்தனை ஆண்டுகளுக்கு, பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதம் எப்போது வரும். பதில் பல்கலைக்கழக மின்னஞ்சலிலிருந்து வர வேண்டும். சான்றிதழ்களின் மூலப்பிரதிகளை முகவரிடம் கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன் நேரில் போய்த் திருப்பி வாங்குங்கள், தனியாகப் போகாமல் உறவினர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.