ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிடலாமா?

டிசம்பர் 2020. கொரோனா பற்றி வரும் கேள்விகளில் இப்போதெல்லாம் ஹோட்டல் சாப்பாடுதான் முன்னால் நிற்கிறது. சிலவற்றுக்கு இங்கே பதில்.

எட்டு மாதமாக வெளியே சாப்பிடவில்லை. பக்கத்து ஏசி ரெஸ்டாரண்டில் வாசலிலேயே காய்ச்சல் பார்க்கிறார்கள், சானிடைசர் தருகிறார்கள், மேஜைகளைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். நம்பிப் போகலாமா? (அண்ணா நகர்)

நெற்றிக்கு நேரே நீட்டும் அந்தக் கருவி காய்ச்சலைத்தான் காட்டும். அறிகுறி தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே ஒருவர் தொற்றைப் பரப்பலாம். அவர் தாராளமாக உள்ளே வந்துவிடுவார். நானாக இருந்தால் முதலில் ஜன்னல் எங்கே என்று பார்ப்பேன்.

சீனாவின் குவாங்சோ நகரில் ஜனவரி 24 அன்று, சீனப் புத்தாண்டுக்கு முந்தின நாள், ஓர் உணவகத்தில் மூன்று குடும்பங்கள் அடுத்தடுத்த மேஜைகளில் மதியம் சாப்பிட்டன. மேஜைகளுக்கு நடுவே 1 மீட்டர் இடைவெளி. ஒரு குடும்பம் முந்தின நாள்தான் வூஹானிலிருந்து வந்திருந்தது. கடைசியில் மூன்று குடும்பத்திலுமாக 10 பேருக்குத் தொற்று. அந்தத் தளத்தில் ஜன்னல் கிடையாது. ஏசி அதே காற்றைச் சுற்றிச் சுற்றி அந்த மூன்று மேஜைகள் மேல் அடித்துக்கொண்டிருந்தது. அதே தளத்தில் சாப்பிட்ட மற்றவர்களுக்கும் பரிமாறியவர்களுக்கும் ஒன்றும் வரவில்லை. தென்கொரியாவின் ஜொன்ஜுவில் ஓர் உணவகத்தில் ஜூன் மாதம் நடந்தது இன்னும் திகைப்பு: தொற்றுள்ளவரிடமிருந்து 6.5 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தவருக்கு 5 நிமிடத்தில் தொற்றியிருக்கிறது. அங்கேயும் ஏசிக் காற்று வீசிய திசையைத்தான் ஆய்வாளர்கள் காட்டுகிறார்கள்.

தமிழ்நாட்டில் ஜூன் 8-ல் ஹோட்டல்களைத் திறந்தபோது பாதி இருக்கை, ஏசி கூடாது என்றார்கள். வியர்த்துக்கொட்டச் சாப்பிட்டவர்கள் திட்டினார்கள். எனக்கென்னவோ அந்த இரண்டாவது நிபந்தனைதான் உருப்படியானதாகப் பட்டது. நீங்கள் சொல்லும் இடத்தில் ஜன்னலைத் திறக்க வழியில்லை என்றால் இப்போதைக்கு வேண்டாம்.

திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருக்கிறேன். சமைக்க வழியில்லை. மூன்று வேளையும் மெஸ்தான்.

உங்களைப் போகாதே என்று சொல்வதில் அர்த்தமில்லை, எப்படிப் போவது என்று பார்ப்போம். காலையும் இரவும் பார்சல் வாங்கி அறையில் சாப்பிடுங்கள். மதியம் இலையில் சாப்பிட்டால்தான் திருப்தி என்றால், கூட்டம் சேருவதற்கு முன்னால் 11.30-க்கே போய்விடுங்கள். வாசல் பக்கம் இடம் பிடியுங்கள். சாதம் வந்து விழும் வரை முகக்கவசம் முகத்திலேயே இருக்கட்டும். சாப்பிடும்போது பேச்சு வேண்டாம், மோர் முடிந்ததும் எழுந்துவிடுங்கள். அவசர நேரத்தில் உங்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, எப்போது எழுவீர்கள் என்று தலைக்கு மேல் நின்று பார்ப்பாரே ஒருவர், அவர்தான் எனக்குக் கவலை. சீக்கிரம் போனால் அவர் இருக்கமாட்டார்.

பார்சல் கவரைச் சோப்பு நீரில் கழுவுகிறோம். உள்ளே இருக்கும் இட்லிக்கும் ஏதாவது செய்யணுமா?

வேண்டாம். சாப்பாடு வழியாக இது பரவியதற்கு ஆதாரம் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரித்துத் தட்டில் போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், போதும். காய்கறி மேல் சானிடைசர் தெளிப்பவர்கள் தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

ஹோட்டலில் சாப்பிட்டால் இரண்டு மடங்கு கொரோனா என்று அமெரிக்க ஆய்வு சொல்வதாக வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?

அப்படி ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் செப்டம்பரில் வெளியிட்டது. அறிகுறியோடு சோதனைக்கு வந்த 314 பேரைக் கேட்டார்கள். தொற்று உறுதியானவர்கள் முந்தைய இரண்டு வாரத்தில் உணவகம் போயிருப்பதற்கான வாய்ப்பு, தொற்று இல்லை என்று வந்தவர்களைவிடச் சுமார் இரு மடங்கு. ஆனால் உள்ளே உட்கார்ந்தார்களா, வெளியே உட்கார்ந்தார்களா என்று பிரித்துக் கேட்கவில்லை. அதனால் மொட்டை மாடி ஹோட்டலையும் ஏசி அறையையும் ஒரே தட்டில் வைக்க இந்த ஆய்வு உதவாது.

அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை உண்டு. "ஒரு நாள் வெளியே கூட்டிட்டுப் போடா" என்கிறார். (கோவை)

கூட்டிப் போங்கள், ஆனால் மரத்தடியில் மேஜை போட்டிருக்கிற இடமாக, வார நாளாக, ஒரே வீட்டில் இருப்பவர்கள் மட்டுமாக. மாமா, சித்தி குடும்பங்கள் சேர்ந்துகொண்டால் திட்டமே கெட்டது. சொந்தக்காரர்கள் என்றால் முகக்கவசம் தானாகக் கழன்றுவிடும். இன்னொன்று: அம்மாவை வீட்டில் வைத்துவிட்டு நீங்கள் மட்டும் நண்பர்களோடு ஏசி பிரியாணிக் கடைக்குப் போய் வருவதும் அவரையும் அங்கே கூட்டிப் போவது போலத்தான். அதை எத்தனை பேர் யோசிக்கிறார்கள்?

எனக்கு ஜூலையிலேயே வந்து போய்விட்டது. இனி கவலை இல்லைதானே?

மறுபடியும் வரலாம். ஹாங்காங்கில் ஒருவருக்கு இரண்டாம் முறை வந்ததை ஆகஸ்டில் உறுதி செய்தார்கள். இந்த 2020-ல் அபூர்வம்தான், ஆனாலும் முகக்கவசத்தைக் கழற்ற அது காரணம் ஆகாது.

தெருமுனை டீக்கடை?

டம்ளரோடு பத்தடி தள்ளிப் போய் நின்று குடியுங்கள்.

மதுரையில் சின்ன ஹோட்டல் நடத்துகிறேன். கையுறை, பிளாஸ்டிக் தடுப்பு எல்லாம் வாங்கச் சொல்கிறார்கள். கையில் பணம் குறைவு. எதை வாங்கட்டும்?

கையுறை வேண்டாம். அதே கையுறையோடு காசு வாங்கி, மேஜை துடைத்து, வடை எடுத்து வைப்பதைப் பார்க்கிறோமே. கை கழுவுவது மேல். பிளாஸ்டிக் தடுப்பு கல்லாவுக்கு ஒன்று போதும். இருக்கிற பணத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்குங்கள். அது காற்றை வெளியே தள்ள, எதிர்ப்பக்கம் கதவோ ஜன்னலோ திறந்திருக்க வேண்டும். டிவி சத்தத்தைக் குறையுங்கள். சத்தம் கூடினால் ஆட்கள் கத்திப் பேசுவார்கள், எச்சில் துளி அதிகம் தெறிக்கும். சப்ளையர்களின் முகக்கவசம் மூக்கை மூடுகிறதா என்று நீங்களே பாருங்கள். அப்புறம் காய்ச்சல், இருமல் விஷயம். சொன்னால் சம்பளம் போகும் என்ற பயம் இருக்கும் வரை எந்தப் பையனும் வாய் திறக்கமாட்டான். சோதனை முடிவு வரும் வரையாவது சம்பளத்தோடு விடுப்பு கொடுங்கள், சமையல் மாஸ்டருக்கும் சேர்த்து.