செயின் சாவுக்கு போர்ட்டிங் செய்யலாமா? – வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது 58 சிசி மிஷின். புளிய மரத்தில் இழுவை பத்தவில்லை. 4,000 ரூபாய் கொடுத்தால் கார்புரேட்டரைத் திருகி, போர்ட்டிங்கும் (சிலிண்டரில் காற்றும் புகையும் போய்வரும் ஓட்டைகளை ராவிப் பெரிதாக்குவது) செய்து தருவதாக ஒரு மெக்கானிக் சொல்கிறார். கொடுக்கலாமா? (பாலக்கோடு)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அறுக்கும்போது கீழே என்ன விழுகிறது என்று முதலில் பாருங்கள். சீவல் விழுந்தால் செயின் கூராக இருக்கிறது. மாவு விழுந்தால் செயின் மொக்கை. அந்த நிலையில் கார்புரேட்டரில் கை வைத்துப் பயனில்லை. ரோட்டோரப் புளிய மரங்களில் விளம்பரப் பலகை அடித்த ஆணிகள் உள்ளே புதைந்து கிடக்கும். ஒரே ஒரு ஆணி போதும், செயின் போய்விடும். .325 பிட்ச் (அங்குல அளவு) செயினுக்கு 4.8 மி.மீ. உருண்டை அரம் வாங்கி, பல்லில் குறித்திருக்கும் கோணத்திலேயே ராவுங்கள். பல்லுக்கு முன்னால் இருக்கும் சின்ன மேட்டையும் கவனியுங்கள். அது பல்லைவிட 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். நான்கைந்து முறை ராவிய பிறகும் மேட்டைத் தொடாமல் விட்டால் பல் மரத்தைக் கடிக்காது. அப்புறம் ஏர் ஃபில்டரைக் கழுவுங்கள், சைலன்சர் வலையில் கரி அடைத்திருந்தால் எடுங்கள். இதற்குப் பிறகும் இழுவை இல்லை என்றால் கார்புரேட்டர் பக்கம் போகலாம்.

கார்புரேட்டர் விஷயத்தில் எனக்குத் தீராத கோபம் ஒன்று உண்டு. கடைக்காரர் ஹெச் ஸ்க்ரூவை (முழு வேகத்தில் போகும் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் திருகு) வலப்பக்கம் திருகுவார், மிஷின் கிய்யென்று கத்தும், வாங்க வந்தவர் சந்தோஷமாகப் பணத்தை நீட்டுவார். வலப்பக்கம் திருகினால் பெட்ரோல் குறைகிறது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் தனியாகப் போவதில்லை, பெட்ரோலோடு கலந்துதான் போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சூடும் ஏறும். கடைசியில் பிஸ்டன் கோடு விழுந்து பிடித்துக்கொள்ளும். சரியான ட்யூனிங் காதுக்கு இப்படிக் கேட்கும்: மரத்தில் வைக்காமல் முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால் சத்தம் லேசாகக் கரகரவென்று உடையும், மரத்தில் இறங்கியதும் அந்த உடைசல் மறைந்து சுத்தமாகும். மரத்தில் வைக்கும் முன்பே சுத்தமாகக் கத்தினால் பெட்ரோல் பத்தவில்லை என்று அர்த்தம். பிளக் வயரில் சுற்றி ஆர்பிஎம் பார்க்கும் சின்ன மீட்டர் ஆன்லைனில் கிடைக்கிறது. மேனுவலில் போட்டிருக்கும் உச்ச ஆர்பிஎம்மைத் தாண்டவிடாதீர்கள். மீட்டரே இல்லாமல் ‘ட்யூனிங் ஸ்பெஷலிஸ்ட்’ என்று போர்டு மாட்டியிருக்கும் கடைக்கு மிஷினைக் கொடுக்காதீர்கள்.

போர்ட்டிங் அதைவிடப் பெரிய வேலை. நம் பக்கத்து மெக்கானிக்குகள் பலர் இதை ஆர்எக்ஸ் 100 வண்டியில் கற்றவர்கள், கை நல்ல கைதான். ஆனால் அந்த வண்டியில் தப்பு நடந்தால் போர் அடித்து (சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்தி) ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுவிடலாம். செயின் சா சிலிண்டர் அலுமினியம், உள்ளே மெல்லிய முலாம் மட்டும்தான். போர்ட் விளிம்பில் அந்த முலாம் பெயர்ந்தால் சிலிண்டரையே மாற்ற வேண்டும். எக்ஸாஸ்ட் போர்ட்டை மேலே உயர்த்தினால் உச்ச வேகம் கூடும், கீழ் வேகத்தில் இழுவை குறையும். புளியங்கட்டைக்கு உங்களுக்கு வேண்டியதே அந்த இழுவைதான். அகலப்படுத்தினால் ரிங் போர்ட்டில் மாட்டி ஒடியலாம். சிலிண்டருக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட்டை எடுத்து கம்ப்ரஷன் ஏற்றினால் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே அரை மி.மீ. இடைவெளியாவது மிஞ்ச வேண்டும். அதை பிளக் ஓட்டை வழியாக ஈயக் கம்பி விட்டு, நசுங்கிய கனத்தை அளந்து பார்ப்பார்கள். உங்கள் மெக்கானிக்கிடம் டிகிரி வீல் (போர்ட் திறந்து மூடும் கோணத்தை அளக்கும் வட்டத் தகடு) இருக்கிறதா, ஈயக் கம்பி வைத்து அளப்பாரா என்று கேளுங்கள். ‘அதெல்லாம் அனுபவத்துலயே தெரியும்’ என்றால் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். நல்ல சிலிண்டர், அளந்து செய்கிற ஆள், இரண்டும் அமைந்தால் போர்ட்டிங்கில் பலன் நிச்சயம் உண்டு. மலிவு மிஷினில் முதலாவதே கிடையாது.

கேள்வி: பெரிய கார்புரேட்டர் மாட்டினால் பவர் ஏறும் என்று ஆன்லைனில் விற்கிறார்கள். வாங்கலாமா? (அரூர்)

பதில்: வேண்டாம்.

கேள்வி: மரம் அறுத்துத்தான் பிழைக்கிறேன். மெக்கானிக் 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டு கார்புரேட்டர் ட்யூனிங் செய்து, சைலன்சரில் ஓட்டை போட்டுக் கொடுத்தார். இரண்டு நாள் பறந்தது, மூன்றாம் நாள் பிடித்துவிட்டது. ‘நீ ஆயில் சரியா ஊத்தல’ என்கிறார். பில் இல்லை. (பென்னாகரம்)

பதில்: படிக்கவே வருத்தமாக இருக்கிறது. நாள் கூலியும் போய், பழியும் உங்கள் மேலேயே விழுந்திருக்கிறது. சைலன்சரைத் திறந்தால் எஞ்சினுக்குள் காற்று கூடுதலாக ஓடும், அதற்கேற்ப ஹெச் ஸ்க்ரூவை இடப்பக்கம் திறந்து பெட்ரோலைக் கூட்ட வேண்டும். அவர் அதைச் செய்தாரா என்பதுதான் கேள்வி. மிஷினை அவரிடம் திரும்பக் கொடுக்காதீர்கள். ஒருவரை வீடியோ எடுக்கச் சொல்லி, ஹெச் ஸ்க்ரூவை மெதுவாக வலப்பக்கம் திருகி, எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணுங்கள். பல மாடல்களுக்குக் கம்பெனி சொல்வது ஏறக்குறைய ஒரு சுற்று. அரைச் சுற்றிலேயே உட்கார்ந்தால் உங்கள் பக்கம் பலமான சாட்சி. டேங்கில் மிஞ்சிய பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் மூடி வையுங்கள். ஆயில் கலந்ததா என்பது பெரும்பாலும் அதன் நிறத்திலேயே தெரியும்.

பில் இல்லை என்று பயப்பட வேண்டாம். போனில் பணம் அனுப்பிய பதிவு, வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் ஆதாரம்தான். கேட்டும் பில் தராதது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று யாராவது மிரட்டுவார்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்குப் பயன்படுத்துபவருக்கு அந்தச் சட்டமே விலக்கு தருகிறது. முதலில் 15 நாள் அவகாசம் கொடுத்துப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் சொல்லுங்கள். அசையவில்லை என்றால் தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுங்கள். நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. பிரச்சினை நடந்த 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

இன்னொன்று. சைலன்சரில் பொறி தடுக்கும் வலையையும் எடுத்திருந்தால், அடுத்த மிஷினில் கட்டாயம் மாட்டச் சொல்லுங்கள். கோடையில் பென்னாகரம் காட்டோரச் சருகுக்கு ஒரு பொறி போதும்.

கேள்வி: ஆறு மாதம் சும்மா வைத்திருந்த மிஷின் ஸ்டார்ட் ஆகவில்லை. டேங்கில் பெட்ரோல் அப்படியே இருக்கிறது. வாங்கி ஒரு வருடம் ஆகவில்லை, கடைக்காரர் மாற்றித் தர வேண்டாமா? (கிருஷ்ணகிரி)

பதில்: எதற்கு மாற்றித் தர வேண்டும்? இப்போது பங்கில் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், ரப்பர் டியூபையும், கார்புரேட்டருக்குள் இருக்கும் டயஃப்ரம் என்ற மெல்லிய ஜவ்வையும் கெடுக்கும். ஓரம் கட்டும் முன் டேங்கைக் காலி செய்து, தானாக அணையும் வரை ஓட விட வேண்டும் என்று மேனுவலிலேயே இருக்கும். மேனுவலை நீங்கள் பிரித்தே பார்க்கவில்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. டயஃப்ரம் கிட் ஒன்று வாங்கிப் போடுங்கள். கடைக்காரரை விட்டுவிடுங்கள்.

கேள்வி: 58 சிசி என்று அச்சடித்திருப்பதை நம்பலாமா? (காவேரிப்பட்டணம்)

பதில்: அளந்துவிட்டு நம்புங்கள். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) அளவை அதாலேயே பெருக்கி, அதை ஸ்ட்ரோக்கால் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) பெருக்கி, 0.785-ஆல் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் சிசி வரும். எல்லா அளவும் மி.மீ. 58 என்று நான் வாங்கிய மிஷின் ஒன்றைப் பிரித்தபோது போர் 45, ஸ்ட்ரோக் 34 இருந்தது. கணக்குப் போட்டால் 54. ‘எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க’ என்பதுதான் கடையில் கிடைத்த பதில். எல்லாரும் போட்டாலும் பொய் பொய்தான். பெட்டியில் இறக்குமதி செய்தவர் பெயரும் முகவரியும் இல்லாத மிஷினை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள். கேட்க ஆள் இருக்காது.

கேள்வி: தருமபுரியில் நன்றாக ஓடிய மிஷின் தளி பக்கம் வந்ததும் புகைகிறது, மந்தமாக இருக்கிறது. ரிப்பேரா? (தளி)

பதில்: ஏர் ஃபில்டரைப் பாருங்கள். அது சுத்தமாக இருந்தால், தளி போன்ற உயரமான இடத்தில் காற்று மெலிவதால் பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகப் போகிறது. ஹெச் ஸ்க்ரூவைத் துளித்துளியாக மட்டும் வலப்பக்கம் திருகுங்கள், மேலே சொன்ன கரகரப்பு போய்விடக் கூடாது. ஊர் இறங்கியதும் பழைய இடத்துக்கே திருப்பி வையுங்கள்.