மிக்-21க்குப் புது மூளை வைத்தது தப்பா?

கேள்வி: 1963இல் வந்த மிக்-21ஐ 2025 செப்டம்பரில்தான் வீட்டுக்கு அனுப்பினோம். இப்போது ஜாகுவார், மிராஜ், சுகோய் என்று எல்லாவற்றுக்கும் ‘நவீனமாக்கல்’ என்கிறார்கள். கிழட்டு விமானத்தில் புது ரேடாரை மாட்டி, அதில் நம் பையன்களை ஏற்றி அனுப்புவது ஏமாற்று வேலை இல்லையா? அந்தப் பணத்துக்குப் புதுசு வாங்க வேண்டியதுதானே?
— ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், பணகுடி

பதில்: ஒரே போடாகப் போட்டுவிட்டீர்கள், சார். 2004இல் குவாலியரில் அமெரிக்க விமானப்படையோடு கூட்டுப் பயிற்சி நடந்தது. அவர்களுடைய எஃப்-15களுக்கு எதிரே நின்றவற்றில் நம் மிக்-21 பைசனும் உண்டு. இந்தப் பழசு இவ்வளவு செய்யுமா என்று வந்தவர்களே அசந்துபோனார்கள். பைசன் என்பது நீங்கள் திட்டும் அதே வேலைதான்: பழைய உடம்பில் புது ரஷ்ய ரேடார், விமானி பார்க்கும் திசையிலேயே குறிவைக்கும் ஹெல்மெட், தொலைவிலிருந்தே ஏவும் ஏவுகணை. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை.

ஆனால் இன்ஜின் பழைய வகையேதான், அதுவும் ஒற்றை இன்ஜின். இறக்கையும் பழசு. எதை மாற்றினார்கள், எதை அப்படியே விட்டார்கள் என்று கேட்டிருந்தால் உங்கள் கேள்விக்கு நூற்றுக்கு நூறு போட்டிருப்பேன்.

பணகுடிக்காரருக்கு இதைப் புரியவைப்பது சுலபம். முப்பந்தல் பக்கம் 1990களில் நட்ட 250 கிலோவாட் காற்றாலைகளைத் தினமும் பார்க்கிறீர்கள். கியர்பாக்ஸை மாற்றலாம், கன்ட்ரோல் பேனலை மாற்றலாம். அதே கோபுரத்தின் தலையில் 2 மெகாவாட் மெஷினைத் தூக்கி வைக்க எந்த இன்ஜினீயரும் கையெழுத்துப் போட மாட்டார். விமானத்துக்கும் அப்படி ஒரு கோபுரம் உண்டு. இறக்கையையும் உடலையும் கோத்து நிற்கும் உலோகச் சட்டம்.

அந்தச் சட்டத்துக்குப் பிறந்த தேதி அவ்வளவு முக்கியம் இல்லை. எத்தனை மணி நேரம் பறந்தது, எத்தனை முறை வளைந்து நிமிர்ந்தது என்பதுதான் கணக்கு. அமெரிக்காவின் பி-52இல் கடைசி விமானம் தொழிற்சாலையை விட்டு வந்தது 1962இல். அதற்கு இப்போது எட்டு இன்ஜின்களையும் மாற்றி 2050களிலும் பறக்கவிடப் போகிறார்கள். அது நேராகப் போய் நேராகத் திரும்புகிற குண்டுவீச்சு விமானம். சண்டை விமானம் அப்படியா? ஒவ்வொரு திருப்பத்திலும் தன் எடையைப் போலப் பல மடங்கு சுமையை இறக்கையில் தாங்குகிறது. 2007 நவம்பரில் மிசௌரியில் ஒரு எஃப்-15 பயிற்சியின்போது வானத்திலேயே இரண்டாக முறிந்தது. விமானி குதித்துப் பிழைத்தார். காக்பிட் அருகே நீளவாக்கில் ஓடும் ஒரு சட்டம், வரைபடத்தில் சொன்ன தடிமனுக்குக் குறைவாகச் செய்யப்பட்டதால் விரிசல் விட்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. எத்தனை புது ரேடார் மாட்டினாலும் அந்த விரிசலைப் பார்த்துச் சொல்லாது.

அதைக் கண்டுபிடிப்பது கைவேலை. பாகத்தைச் சுத்தமாகத் துடைத்து, சிவப்புச் சாயத்தைத் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிடுவார்கள். சாயத்தை வழித்துவிட்டு வெள்ளைப் பொடியைத் தெளித்தால், கண்ணுக்குத் தெரியாத கீறலுக்குள் புகுந்த சாயம் மேலே கசிந்து சிவப்புக் கோடாக நிற்கும். போல்ட் துளைகளுக்குள், சுழல் மின்னோட்டத்தால் கீறலைத் தேடும் கருவியை விட்டுப் பார்ப்பது தனி. ஒரு விமானத்தின் ஆயுளை நீட்டலாமா என்பதற்கான பதில் அந்தச் சிவப்புக் கோட்டில்தான் இருக்கிறது. அமைச்சக அறிக்கையில் இதெல்லாம் வராது, ரேடாரின் பெயர் மட்டும் வரும்.

ஒழுங்காகச் செய்ததற்கும் உதாரணம் பக்கத்திலேயே, தஞ்சாவூரில் இருக்கிறது. 2020 முதல் அங்கே நிற்கும் சுகோய்-30 விமானங்கள் பிரம்மோஸைச் சுமக்கக்கூடியவை. ஏவுகணை இரண்டரை டன். மென்பொருளை மட்டும் மாற்றிக் காரியம் ஆகவில்லை. விமானத்தின் உடலையே பலப்படுத்தினார்கள்.

ஜாகுவாரின் கதை அரைகுறை. 1979இல் வந்தது. டாரின்-3 மேம்பாட்டில் புது ரேடார், புது கணினி, புதுத் திரைகள் எல்லாம் கிடைத்தன. இன்ஜின் போதவில்லை என்று விமானப்படையே பல வருஷம் சொன்னது. புது இன்ஜின் திட்டம் விலை கட்டாது என்று 2019இல் கைவிடப்பட்டது. புத்திசாலியாக்கிவிட்டு மூச்சுவாங்க விட்டால் எப்படி? போதாக்குறைக்கு, பிரான்ஸ் ஓய்வு கொடுத்த ஜாகுவார்களைப் பாகம் கழற்றிக்கொள்ள வாங்கி வந்தோம். உங்கள் கோபம் இங்கே செல்லும்.

சரி, புதுசு வாங்க வேண்டியதுதானே என்கிறீர்கள். வாங்காமல் இல்லை. மிக்-21க்கு மாற்று என்று 1980களில் தொடங்கிய தேஜஸ் முதலில் பறந்தது 2001இல், படையில் சேர்ந்தது 2016இல். 83 தேஜஸ் மார்க்-1ஏவுக்கு 2021 பிப்ரவரியில் ஆர்டர் கொடுத்தார்கள். 2024இல் வரத் தொடங்கியிருக்க வேண்டும். மிக்-21 விடைபெற்ற அன்று ஒன்றுகூட வந்து சேரவில்லை. விமானப்படைக்கு அனுமதித்தது 42 ஸ்குவாட்ரன், அதாவது சண்டை விமானப் பிரிவு; அன்று மிஞ்சியது 29. இந்த நிலையில் பழசுக்கு மருத்துவம் பார்க்காமல் விமானப்படை என்ன செய்யும்? ரேடார் மாட்டியவர்களை விட்டுவிடுங்கள். தேதி கொடுத்துவிட்டுத் தவறவிட்டவர்களுக்கு இதே கேள்வியை ஒரு கடிதமாக எழுதுங்கள், தபால்தலை நான் ஒட்டித் தருகிறேன்.