பூட்டிய மைதானம், நிற்காத சம்பளம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கொரோனாக் காலத்தில் இங்கிலாந்தின் கீழ்நிலைக் கால்பந்து கிளப்புகள் எப்படித் தாக்குப்பிடித்தன, ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: பிரீமியர் லீக்கில் கோடிகள் புரளும் நாட்டில், சிறிய கிளப்புகள் மட்டும் மைதானம் பூட்டிய சில வாரங்களிலேயே கையேந்தும் நிலைக்கு வந்தது ஏன்? (வாசகர், மதுரை)

புரளும் பணம் பெரும்பாலும் மேல்மட்டத்து 20 கிளப்புகளோடு நின்றுவிடுகிறது. 2018-19 சீசனில் பிரீமியர் லீக்கின் கடைசி இடத்தில் முடித்த ஹடர்ஸ்ஃபீல்ட் டவுனுக்கே தொலைக்காட்சி உரிமம் முதலிய பொது வருவாயில் 9.6 கோடி பவுண்டுக்கு மேல் கிடைத்தது. அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்னும் மூன்று படிகளை இ.எஃப்.எல். என்ற அமைப்பு நடத்துகிறது. அதற்கும் கீழே நேஷனல் லீக் இருக்கிறது. படி இறங்க இறங்கத் தொலைக்காட்சிப் பணம் மெலிந்துகொண்டே போய், ஆட்ட நாளில் வாசலில் வசூலாகும் காசுதான் ஜீவனம் என்றாகிவிடுகிறது. டிக்கெட்டை மட்டும் சொல்லவில்லை. இடைவேளையில் விற்கும், மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட ‘பை’ என்னும் பண்டம், மைதானத்து மதுக்கடை, வார நாட்களில் விருந்துகளுக்கு வாடகைக்கு விடும் கூடம் எல்லாமே அந்தக் கணக்கில் அடங்கும். 2020 மார்ச் 13-ஆம் தேதி ஆட்டங்கள் நிறுத்தப்பட்டபோது இவை அத்தனையும் ஒரே நாளில் நின்றன.

இதில் வெளியே தெரியாத அடி ஒன்றும் உண்டு. ஆட்டமில்லாத கோடைக்காலத்துச் சம்பளத்தைப் பல கிளப்புகள் அடுத்த சீசனுக்கான டிக்கெட்டுகளை முன்கூட்டியே விற்றுத்தான் கொடுத்துவந்தன. அடுத்த சீசன் எப்போது தொடங்கும், தொடங்கினாலும் ரசிகரை உள்ளே விடுவார்களா என்று தெரியாத நிலையில் அந்த டிக்கெட்டை எந்தத் தைரியத்தில் விற்பது?

எல்லாப் பழியையும் கிருமியின் மேல் போடுவதும் சரியல்ல. 2018-19-இல் சாம்பியன்ஷிப் கிளப்புகளின் மொத்தச் சம்பளச் செலவு அவற்றின் மொத்த வருவாயில் 107 விழுக்காடாக இருந்தது. 100 ரூபாய் சம்பாதித்து 107 ரூபாயைச் சம்பளமாகவே கொடுக்கும் வீட்டில், துண்டு விழுவதை உரிமையாளர் தம் சொந்தப் பையிலிருந்து நிரப்பிக்கொண்டிருந்தார். நோய் வருவதற்கு முன்பே, 2019 ஆகஸ்டில், 1894 முதல் லீக்கில் இருந்துவந்த பரி கிளப் பணமில்லாமல் வெளியேற்றப்பட்டதை நினைவுகூரலாம்.

கேள்வி: ஆட்டக்காரர்களின் சம்பளத்தை அரசாங்கமே கொடுத்தது என்கிறார்களே, உண்மையா? (வாசகர், கோயம்புத்தூர்)

ஒரு பகுதி உண்மை. வேலையில்லாமல் வீட்டில் இருத்தப்பட்ட ஊழியரின் சம்பளத்தில் 80 விழுக்காட்டை, மாதம் 2,500 பவுண்டு என்ற உச்சவரம்புக்கு உட்பட்டு, பிரிட்டன் அரசு ஏற்றுக்கொண்டது. ஃபர்லோ என்று எல்லோரும் சொல்லிப் பழகிய இத்திட்டம் எல்லாத் தொழிலுக்கும் பொதுவானது, கால்பந்துக்கென்று வந்ததல்ல. டிக்கெட் கொடுப்பவர், புல்தரைப் பராமரிப்பாளர், கடை ஊழியர் ஆகியோருக்கு அது ஏறக்குறைய முழுப் பாதுகாப்பாக அமைந்தது. ஆட்டக்காரர் விஷயம் அப்படியல்ல.

மாதம் 6,500 பவுண்டுக்கு ஒப்பந்தமான ஓர் ஆட்டக்காரரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அரசிடமிருந்து வருவது 2,500 மட்டுமே. மீதி 4,000 பவுண்டு கிளப்பின் தலையில்தான் விழும், ஏனென்றால் ஒப்பந்தம் அப்படியே உயிரோடு இருக்கிறது. ஏப்ரல் மாதத்துக்கு லீக் ஒன், லீக் டூ ஆட்டக்காரர்களின் சம்பளத்தில் 25 விழுக்காடு வரை தள்ளிவைக்கலாம் என்று இ.எஃப்.எல்.லும் ஆட்டக்காரர் சங்கமான பி.எஃப்.ஏ.யும் சேர்ந்து பரிந்துரைத்தன. அதன்படி நம் ஆட்டக்காரருக்கு அம்மாதம் கைக்கு வருவது 4,875. அதில் கிளப் போட வேண்டியது 2,375. பாக்கி 1,625 பவுண்டு கிளப்பின் கணக்குப் புத்தகத்தில் கடனாக உட்காரும். மாதம் 2,500 பவுண்டுக்குக் குறைவாக வாங்குபவர்களின் சம்பளத்தில் கைவைக்கக் கூடாது என்பதும் அந்தப் பரிந்துரையிலேயே இருந்தது.

தள்ளிவைப்பதும் குறைப்பதும் ஒன்றல்ல என்பதைச் செய்தித் தலைப்புகள் அப்போது கவனிக்கவில்லை. தள்ளிவைத்த சம்பளம் பின்னொரு நாள் கொடுத்தே தீரவேண்டிய பாக்கி. ஆட்டக்காரர் சங்கம் இதில் பிடிவாதமாக நின்றது நியாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் இ.எஃப்.எல். தலைவர் ரிக் பாரி மே மாதம் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னபடி, ஏறத்தாழ 1,400 ஆட்டக்காரர்களின் ஒப்பந்தம் ஜூன் 30-ஆம் தேதியோடு முடிவதாக இருந்தது. அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியாதவரிடம் இந்த மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுக்கச் சொல்வது எளிதல்ல.

கேள்வி: ஆடினால்தானே பணம்? லீக் டூ கிளப்புகள் சீசனைப் பாதியில் முடித்துவிடவே விரும்பியது ஏன்? (வாசகர், நாகர்கோவில்)

ரசிகர் இல்லாத ஆட்டத்தில் அவர்களுக்குப் பணம் இல்லை, செலவுதான். மீண்டும் ஆட வேண்டுமென்றால் எல்லாரையும் ஃபர்லோவிலிருந்து எடுத்து முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும். வாரந்தோறும் பரிசோதனைச் செலவு வேறு. தொலைக்காட்சி ஒப்பந்தத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்த சாம்பியன்ஷிப் ஜூன் 20-ஆம் தேதி மீண்டும் தொடங்கியது. லீக் ஒன்னும் லீக் டூவும், அதுவரை எடுத்த புள்ளிகளை ஆடிய ஆட்டங்களால் வகுத்து, ஓர் ஆட்டத்துக்குச் சராசரிப் புள்ளி என்ற கணக்கில் பட்டியலை முடித்து, மேல்படிக்கு ஏறும் கடைசி இடத்தைத் தீர்மானிக்கும் பிளே-ஆஃப் ஆட்டங்களை மட்டும் வெற்று மைதானத்தில் நடத்தின. அந்தக் கணக்கில் டிரான்மியர் ரோவர்ஸ் கிளப் மீதி ஆட்டங்களை ஆடாமலேயே லீக் ஒன்னிலிருந்து கீழிறங்கியது. அவர்களுடைய ஆத்திரம் புரிந்துகொள்ளக்கூடியதே.

கேள்வி: சம்பளத்துக்கு உச்சவரம்பு கொண்டுவந்தார்களாமே, பிறகு என்ன ஆயிற்று? (வாசகர், தஞ்சாவூர்)

2020 ஆகஸ்ட் 7-ஆம் தேதி கிளப்புகள் வாக்களித்து, ஓராண்டு மொத்தச் சம்பளச் செலவு லீக் ஒன்னில் 25 லட்சம் பவுண்டையும் லீக் டூவில் 15 லட்சம் பவுண்டையும் தாண்டக் கூடாது என்று விதித்தன. 21 வயதும் அதற்குக் குறைவானவர்களும் கணக்கில் சேர மாட்டார்கள். பி.எஃப்.ஏ. நடுவர் மன்றத்துக்குப் போனது. சம்பளம் பற்றிய எந்த மாற்றத்தையும் முதலில் பேசித் தீர்ப்பதற்கென்று கிளப்புகளும் சங்கமும் சேர்ந்து அமைத்த ஆலோசனைக் குழு ஒன்று ஏற்கெனவே இருக்க, அதை முறைப்படி கலந்துகொள்ளாமல் விதியைத் திணித்தது செல்லாது என்று 2021 பிப்ரவரியில் தீர்ப்பாயிற்று. ஆறு மாதத்தில் உச்சவரம்பு போய்விட்டது. செலவுக்குக் கடிவாளம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பேரம்பேச எதிரே ஆள் உட்கார்ந்திருக்கும்போது அவரைப் பார்க்காததுபோல் கையெழுத்திட்டால் அது ஒப்பந்தம் ஆகாது.

கேள்வி: பணக்காரக் கிளப்புகள் கடைசிவரை வேடிக்கைதான் பார்த்தனவா? (வாசகர், சேலம்)

அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் ஆற அமரத்தான் கொடுத்தன. ஏப்ரலில் பிரீமியர் லீக் அனுப்பிய 12.5 கோடி பவுண்டு எப்படியும் பின்னால் கொடுக்க வேண்டியிருந்த பணத்தின் முன்பணம். புதிய உதவிக்கு டிசம்பர் 3 வரை காத்திருக்க வேண்டியிருந்தது: லீக் ஒன்னுக்கும் டூவுக்கும் 5 கோடி பவுண்டு மானியம், சாம்பியன்ஷிப்புக்கு 20 கோடி பவுண்டு வரை கடன் வசதி.

அதற்குக் கீழே நேஷனல் லீக்குக்குத் தேசிய லாட்டரியிலிருந்து மூன்று மாதத்துக்கு 1 கோடி பவுண்டு வந்தது. அது தீர்ந்ததும் அரசு மானியமாக இல்லாமல் கடனாகத் தருவதாகச் சொல்ல, கடன் வாங்கி ஆட மாட்டோம் என்று டோவர் அத்லெட்டிக் விலகிக்கொண்டது. அந்த சீசனில் அது அதுவரை ஆடிய ஆட்டங்களின் முடிவுகள் அனைத்தும் அழிக்கப்பட்டன. 40,000 பவுண்டு அபராதமும் அடுத்த சீசனில் 12 புள்ளிக் குறைப்பும் விதிக்கப்பட்டன. அடுத்த சீசனில் அந்தக் கிளப் கடைசி இடத்தில் முடித்துக் கீழிறங்கியது.

கேள்வி: நோய்க்காலத்தில் மூடப்பட்ட கிளப் உண்டா? (வாசகர், திருநெல்வேலி)

மாக்கிள்ஸ்ஃபீல்ட் டவுன். 1874-இல் தொடங்கிய அந்தக் கிளப்பை, 5 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட கடனுக்காக 2020 செப்டம்பர் 16-ஆம் தேதி நீதிமன்றம் கலைத்தது. ஆனால் அங்கே சம்பளம் நின்றது கொரோனாவுக்கு முன்பே. 2019 நவம்பரில், வெவ்வேறு படிகளின் கிளப்புகள் மோதும் எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்தின்போது சம்பளம் வராத மூத்த ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ய, இளைஞர் அணிப் பையன்களை இறக்கி, தங்களைவிடக் கீழ்ப்படியில் இருந்த கிங்ஸ்டோனியனிடம் 4-0 என்று தோற்றார்கள். பிறகு ஊரில் புதிய பெயரில் வேறொரு கிளப் பிறந்தது.

கேள்வி: இந்தக் காலத்தில் லாபம் பார்த்த சிறிய கிளப் ஒன்றாவது உண்டா? (வாசகர், புதுச்சேரி)

லிவர்பூலுக்கு அருகே கிராஸ்பியில் உள்ள மரீன். மேலிருந்து எண்ணினால் எட்டாம் படியில் ஆடிய அந்த அணிக்கு 2021 ஜனவரி 10-ஆம் தேதி எஃப்.ஏ. கோப்பையில் பிரீமியர் லீக் கிளப்பான டாட்டன்ஹாம் எதிரணியாக வாய்த்தது; ஆனால் ரசிகரை உள்ளே விட அனுமதியில்லை. உள்ளே வர முடியாத ஆட்டத்துக்கு 10 பவுண்டு விலையில் டிக்கெட் போட்டார்கள். வாங்குபவர்களில் குலுக்கலில் தேர்வாகும் ஒருவர் பின்னொரு நட்பு ஆட்டத்தில் அணியை நடத்தலாம் என்ற ஆசையையும் சேர்த்தார்கள். 30,697 டிக்கெட்டுகள் விற்றன. அதாவது 3 லட்சம் பவுண்டுக்கு மேல். ஆட்டத்தில் 5-0 என்று தோற்றார்கள். மைதானத்தின் ஒரு பக்கம் முழுவதும் வீடுகளின் கொல்லைப்புறம். அன்று அதை நேரில் கண்டவர்களில் தம் வீட்டு வேலிக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்த அக்கம்பக்கத்தாரும் உண்டு.