வாக்கர் எங்கே நடந்தார்?

கேள்வி: 'வாக்கர்' என்ற ஆங்கிலேயக் குடும்பப் பெயருக்கு 'நடப்பவர்' என்பதுதானே பொருள்? விஸ்கி பாட்டிலில்கூட ஒருவர் கைத்தடியோடு நடந்துகொண்டேதானே இருக்கிறார்? எங்கள் நடைப்பயிற்சிக் குழுவில் ஒரு நண்பர், அது 'வாக்கு + ஆர்' என்ற தமிழ்ச்சொல், வாக்குத் தவறாதவர் என்று பொருள் என்கிறார். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்த சொல் 'தானே'. இரண்டு முறை போட்டிருக்கிறீர்கள். 'தானே' போட்டுக் கேட்பவர் பதிலை மடியில் கட்டிக்கொண்டுதான் வருகிறார். நம்மிடம் அவருக்கு வேண்டியது ரப்பர் ஸ்டாம்ப் மட்டும். போன மாதம் மதுரையில், "பெரியார் போற பஸ்தானே?" என்று கேட்டபடியே ஏறிவிட்டேன். கண்டக்டர் தலையை ஒரு மாதிரி ஆட்டினார். அதை 'ஆமாம்' என்று மொழிபெயர்த்தது என்னுடைய 'தானே'. மாட்டுத்தாவணியில் இறங்கி, வெயிலில் நின்று, அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். அதனால் தானேக்காரர்கள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஆனால் பதில், இல்லை. உங்கள் நண்பருக்கும் இல்லை. (நீங்கள் எழுதியிருந்தது 'நடைபயிற்சி'. 'ப்' நான் போட்டது. இந்த 'ப்' விஷயத்தில் எனக்கும் எங்கள் பிழைதிருத்துநருக்கும் நடக்கும் வழக்கு தனி.)

வாக்கர் நடந்தார். ஆனால் எங்கும் போகவில்லை. ஒரு தொட்டிக்குள் நின்ற இடத்திலேயே நடந்தார். தொட்டியில் இருந்தது மூத்திரம்.

முகத்தைச் சுளிக்காமல் கேளுங்கள். தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணி உடுத்துகிற நிலையில் இருக்காது. இழைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியும். ஆட்டின் கொழுப்புப் பிசுக்கு வேறு. அதைத் தொட்டியில் போட்டு, நாள்பட்ட சிறுநீரை ஊற்றுவார்கள். புளிக்கப் புளிக்க அதில் அம்மோனியா கூடும். அது பிசுக்கை அறுக்கும். அப்புறம் ஆள் உள்ளே இறங்கி, வெறுங்காலோடு மணிக்கணக்கில் மிதிக்க வேண்டும். மிதிக்க மிதிக்க இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, துணி சுருங்கி, தடித்து, மழைக்கும் குளிருக்கும் தாங்குகிற கம்பளியாகும். மிச்சப் பிசுக்கை ஒருவகைக் களிமண் உறிஞ்சிவிடும். பிறகு அலசி, மரச்சட்டத்தில் கொக்கிகள் மாட்டி, விறைப்பாக இழுத்துக் காயப்போடுவார்கள். மிதித்தவர்தான் வாக்கர்.

பழைய ஆங்கிலத்தில் 'வெயல்கன்' என்றால் உருட்டுதல், புரட்டுதல். கால்நடையாகப் போவது என்ற பொருள் அந்தச் சொல்லுக்குப் பின்னால் வந்து ஒட்டியது. ஜெர்மன் மொழியில் 'வால்கன்' என்றால் இன்றைக்கும் துணியை மிதித்துக் கெட்டிப்படுத்துவதுதான். அவர்கள் நடக்கப் போகவே இல்லை.

இதே தொழிலுக்கு இங்கிலாந்தில் வட்டாரத்துக்கு ஒரு பெயர். வடக்கே வாக்கர். தென்கிழக்கே ஃபுல்லர், இது லத்தீனிலிருந்து வந்தது. தென்மேற்கே, டெவன், சாமர்செட் பக்கம் டக்கர். அதன் வேர்ச்சொல்லுக்கு வதைத்தல் என்று பொருள், துணியை என்று வைத்துக்கொள்வோம். எக்ஸிட்டர் நகரத்தில் 1471-இல் நெசவாளர்களும் இவர்களும் சேர்ந்து கட்டிய சங்கக் கட்டடம் 'டக்கர்ஸ் ஹால்' என்ற பெயரில் இன்னும் நிற்கிறது. ஒருவரின் குடும்பப் பெயரைக் கேட்டாலே அவருடைய பாட்டனாரின் பாட்டனார் எந்தத் திசையில் நின்று மிதித்தார் என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம்.

இப்போது உங்கள் நண்பர். வாக்கு + ஆர்! பதினைந்து வருடமாக இந்தக் கோஷ்டியின் கடிதங்களைப் படித்துப் படித்து என் கண்ணாடியின் பவர் கூடியிருக்கிறது. சரி, அவர் வழியிலேயே போவோம். வாக்கர் வாக்குத் தவறாதவர். டக்கர், வேறென்ன, தக்கார். ஃபுல்லர்? புல்லர். அதாவது கயவர். ஒரே தொட்டியில் ஒரே வேலையைச் செய்த மூன்று பேரில் ஒருவர் சத்தியவான், ஒருவர் சான்றோர், ஒருவர் மட்டும் அயோக்கியர் என்று தென்கிழக்கு இங்கிலாந்தையே அவமானப்படுத்திவிட்டு உங்கள் நண்பர் சுண்டல் சாப்பிடப் போய்விடுவார். ஷேக்ஸ்பியரைச் 'செகப்பிரியர்' ஆக்கி அழகு பார்த்த ஊர் இது. அதில் எனக்கு வருத்தமில்லை. அந்த மனிதரே தம் பெயரை ஒரே மாதிரி எழுதியதில்லை. கிடைத்திருக்கும் ஆறு கையெழுத்துகளில் ஒன்றுகூட இன்று அச்சில் வரும் எழுத்துக்கூட்டலில் இல்லை. பெயரில் ஒரு எழுத்தைக் கூட்டினால் யோகம் என்று வாராவாரம் விளம்பரத்தோடு வரும் எண்கணித அன்பர்கள் இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளட்டும்.

மூத்திரத்துக்குத் திரும்புவோம். ரோமாபுரியிலும் துணி வெளுக்க இதுவேதான். பேரரசர் வெஸ்பாசியன் பொதுக் கழிப்பிடங்களில் சேரும் சிறுநீருக்கு வரி போட்டார். மகன் டைட்டஸ் "இதிலுமா வரி?" என்று முகம் சுளிக்க, வசூலான காசை அவன் மூக்கருகே நீட்டி, நாறுகிறதா என்று கேட்டாராம். நாய் விற்ற காசு குரைக்காது என்று நம் பாட்டிகள் சொல்லவில்லையா, அதுதான். நம் நிதியமைச்சர்கள் இந்தப் பத்தியைப் படிக்காமல் இருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் 12-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த மிதிக்கிற வேலைக்கும் தண்ணீர்ச் சக்கரம் வந்தது. மரச் சம்மட்டிகள் துணியை இடிக்க ஆரம்பித்தன. 1185-இல் டெம்ப்ளர் துறவி வீரர்கள் தங்கள் சொத்தைக் கணக்கெடுத்தபோது இத்தகைய ஆலைகள் பதிவாகியிருக்கின்றன. கால் தப்பித்தது, பெயர் தப்பிக்கவில்லை. அடுத்த இருநூறு வருடங்களில் பட்டப்பெயர்கள் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் குடும்பப் பெயர்களாகக் கெட்டிப்பட்டன. வரி எழுத வந்தவனுக்கும் ஊரில் இருக்கிற இருபது ஜான்களைப் பிரித்துச் சொல்ல ஏதாவது வேண்டியிருந்தது. இன்று இங்கிலாந்தில் மிக அதிகம் பேர் வைத்திருக்கும் குடும்பப் பெயர்களில் ஒன்று வாக்கர். அமெரிக்க அதிபர்களான புஷ் தந்தை, மகன் இரண்டு பேருக்கும் நடுப்பெயரில் அது உண்டு, தந்தை புஷ்ஷின் தாய்வழியில் வந்தது. வெள்ளை மாளிகைக்குப் போனபோதும் அவர்கள் அதைக் கழற்றி வைக்கவில்லை, கழற்றச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை.

14-ஆம் நூற்றாண்டில் விக்ளிஃப் பெயரால் வந்த ஆங்கில பைபிளில், மாற்கு 9-ஆம் அதிகாரத்தில், 'ஃபுல்லர், அதாவது துணி வாக்கர்' என்று இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். நம் பழைய தமிழ் பைபிளை எடுத்து அதே வசனத்தைப் பாருங்கள். அங்கே இருப்பது 'வண்ணான்'. ஆக, வாக்கருக்கு நேரான தமிழ் அச்சில்தான் இருக்கிறது, 'வாக்கு + ஆர்' தேவையில்லை. வித்தியாசம் வேறு இடத்தில். வாக்கரின் மகன் பாதிரியாராகவோ வக்கீலாகவோ போனால், பெயர் மட்டும் கூடவே போனது. தொட்டியில் வந்து நில் என்று யாரும் கூப்பிடவில்லை. இங்கே வெளுத்தவருக்குக் குடும்பப் பெயரே வேண்டியிருக்கவில்லை, பிறந்த வீட்டைப் பார்த்து ஊரே தொழிலைச் சொல்லிவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றிய பருத்தித் துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம் சென்னை வண்ணாரப்பேட்டை. அந்தத் துணியை வாங்கி உடுத்திய லண்டன்காரர்களில் எத்தனை வாக்கர்களோ.

விஸ்கியை மறந்துவிட்டேன். ஜான் வாக்கர் ஸ்காட்லாந்தில் கில்மார்னக் என்ற ஊரில் மளிகைக் கடை வைத்திருந்தவர். இறந்தது 1857-இல். அந்த நடக்கும் மனிதரை டாம் பிரவுன் என்ற ஓவியர் வரைந்தது 1908-இல். கடைக்காரர் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை. ஓவியரும் உங்களைப் போலவே, 'நடப்பவர்தானே' என்று நினைத்துவிட்டாரோ என்னவோ. தொட்டியை வரைந்திருந்தால் வியாபாரம் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். நம் ஆட்கள் அப்போதும் வரிசையில் நின்றிருப்பார்கள்.

பிசுக்கை உறிஞ்சிய அந்தக் களிமண் இருக்கிறதே, அதைத் தேடி எங்கும் போக வேண்டாம். ஆங்கிலத்தில் ஃபுல்லரின் மண் என்பார்கள். நம் கடைகளில் அதற்குப் பெயர் முல்தானி மெட்டி. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் முகத்தில் பூசப்படுகிறது. பன்னீரில் குழைத்துப் போடவும் என்று பாக்கெட்டில் அச்சிட்டிருக்கிறது. பழைய ஃபுல்லர்கள் இந்த மண்ணோடு எதைச் சேர்த்தார்கள் என்பதை நான் இன்னும் வீட்டில் சொல்லவில்லை. இந்த இதழை எப்படி ஒளித்து வைப்பது என்பதுதான் இப்போது யோசனை.